பெரிய சுகௌராவின் ஜனத்தொகை

“கழுத்தை இன்னும் கொஞ்சம் நீட்டுங்கண்ணே.”

“கழுத்து எவ்வளவு வேணாலும் வரும். காலு வராது.”

வாய்க்காலில் உடைந்த மதகு இருக்கும் இடத்தில் இரண்டு கரையும் நெருங்கி வருகின்றன. இந்தக் கரையில் நாவிதர் மங்கரு குந்தியிருக்கிறார். அந்தக் கரையில் லௌட்டன் இரண்டு காலையும் மண்ணில் அழுத்தி ஊன்றி, தலையை மட்டும் எங்கள் ஊருக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறார். மங்கரு அந்தக் கரைக்குப் போய்ச் சவரம் செய்ய மாட்டார். விளக்கில்லாத மண்ணில் கத்தியை எடுத்தால் விளங்காது என்பது அவர் கட்சி. லௌட்டன் இந்தக் கரைக்கு வர மாட்டார். ஆகவே வாரம் ஒரு தடவை லௌட்டனின் முகம் மட்டும் வாய்க்காலைத் தாண்டி வந்து, மழித்துக்கொண்டு, சொந்த ஊருக்குப் போகிறது.

“தலை இங்க வந்தா ஆளும் இங்க வந்த கணக்குதானே?” என்று மங்கரு சீண்டுவார்.

“கால் எங்க நிக்குதோ அங்கதான் ஆளு. எருமை வேலிக்கு வெளிய தலைய விட்டுச் சோளத்தத் தின்னா, எருமை வெளிய போயிடுச்சுன்னா சொல்லுவ?”

“எருமைன்னு நான் சொல்லல. நீங்களாத்தான் சொன்னீங்க.”

என் மாவு மில் இந்த மதகுக்கு நேர் எதிரே இருப்பதால் இந்தக் கூத்தையெல்லாம் பார்க்க நான் எங்கும் போக வேண்டியதில்லை. கோதுமையைக் கொட்டிவிட்டு வாசலுக்கு வந்தால் போதும்.

சுகௌரா என்ற பெயரில் எங்கள் பக்கம் இரண்டு ஊர். ஒன்று சுகௌரா கலான், அதாவது பெரியது. மற்றது சுகௌரா குர்த், சின்னது. சின்னதில் நாலாயிரத்துச் சொச்சம் பேர், இரண்டு பள்ளிக்கூடம், ஒரு செல்போன் கோபுரம், என்னுடைய மில். பெரியதில் லௌட்டன். நடுவில் இந்த வாய்க்கால். பெயரை மாற்றி வைத்தால் என்ன என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து ஒரு மாதம் அவர் எனக்குக் கோதுமை கொடுத்தனுப்பவில்லை.

பெரியது எப்படிக் காலியானது என்பதற்கு எங்கள் ஊரில் வீட்டுக்கொரு சரித்திரம் உண்டு. தாக்கூர் வீடுகளில் கேட்டால், ஒரு கல்யாண ஊர்வலத்தில் வந்த யானை வாய்க்காலைத் தாண்டியதும் படுத்துவிட்டது, எழுந்திருக்கவே இல்லை, மாப்பிள்ளை வீட்டார் அங்கேயே குடியிருந்துவிட்டார்கள் என்பார்கள். யாதவர்கள், எருமைகள் இந்தக் கரைப் புல்லை ருசி கண்டுவிட்டுத் திரும்ப மறுத்ததால் பின்னாலேயே தாங்களும் வந்ததாகச் சொல்கிறார்கள். இதை அவர்கள் பெருமையாகவே சொல்கிறார்கள். குயவர்களுக்கு ஒரு பக்கிரியின் சாபம். தலைமையாசிரியர் மட்டும் கொள்ளைநோய் என்கிறார். அதில் யானையும் இல்லை, எருமையும் இல்லை என்பதால் யாரும் ஏற்றுக்கொள்வதில்லை.

லௌட்டனிடம் கேட்டால் ஒரே வரி. “எல்லாரும் சும்மா ஒரு எட்டு போயிட்டு வரலாம்னு கிளம்புனாங்க. இன்னும் வரல.”

“அப்ப உங்க குடும்பம் மட்டும் ஏன் கிளம்பல?”

“எங்க கொள்ளுப்பாட்டன் தூங்கிட்டிருந்தாரு. ஒருத்தனும் எழுப்பல.” இதைச் சொல்லும்போது அவருக்கு மூக்கு சிவந்துவிடும். நேற்று நடந்தது போலக் கோபப்படுவார்.

இப்போது அங்கே இருப்பவை சில மண்மேடுகள், ஒரு வேம்பு, ஒரு கிணறு, லௌட்டனின் ஓட்டு வீடு, ஒரு பசு. ஆனால் அவர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் அது வேறு ஊர். “இது கடைத்தெரு. இந்தப் பக்கமா வாங்க, அது தட்டார் வீட்டுச் சுவரு, இடிச்சுக்காதீங்க” என்று எருக்கஞ்செடிகளுக்கு நடுவே என் முழங்கையைப் பிடித்து விலக்கியிருக்கிறார். நானும் விலகியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமைதோறும் வேம்பின் அடியில் ஊர்க்கூட்டம் உண்டு. துண்டை உதறி விரித்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்து, “கிணத்தத் தூர்வாரணும்னு ஊர் கூடி முடிவு பண்ணியாச்சு” என்பார்.

“யாராச்சும் மறுத்துப் பேசுனாங்களா?”

“ஒருத்தன் பேசினான். சமாதானம் பண்ணிட்டோம்.”

ஆளில்லாத ஊரை எங்கள் வருவாய்த்துறைக் காகிதங்களில் ‘பேசிராகி’ என்று எழுதுவார்கள். விளக்கில்லாதது என்று அர்த்தம். எங்கள் பக்கம் விளக்கு என்றால் வீட்டுக்கு ஒரு பிள்ளை என்றும் பொருள் உண்டு. அதனால் அந்தச் சொல்லை யாராவது தம் ஊருக்குச் சொல்லிவிட்டால் அது வசவுதான். பெரிய சுகௌராவுக்கு அந்த வசவு எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் லௌட்டனைப் பற்றிச் சொல்ல முடியாது.

லௌட்டன் என்ற பெயருக்குத் திரும்பி வந்தவன் என்று பொருள். அவருக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாக இவர் பிறந்ததும், போன பிள்ளைதான் திரும்பி வந்திருக்கிறது என்று அவர் அம்மா வைத்த பெயர் அது. அவருடைய மனைவி பதாசி அண்ணி கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு தேயும் என்பது எங்கள் பெண்களுக்குப் பால் குடிக்கும்போதே தெரிந்துவிடும் விஷயம். அவசரத்துக்கு “சந்தோஷ் அப்பா” என்று மகன் பெயரை வைத்துக் கூப்பிடுவார். இல்லாவிட்டால் ஒரு தகரத்தைத் தட்டிக் கூப்பிடுவார்.

போன ஜனத்தொகைக் கணக்கெடுப்பின்போது லௌட்டன் பசு மாட்டுக்கு மருந்து வாங்க எங்கள் ஊர் வழியாகச் சந்தைக்குப் போயிருந்தார். மகன் சந்தோஷ் சூரத்தில் வேலையில் இருந்தான். அந்த நேரம் பார்த்துக் கணக்கெடுப்பவர் பெரிய சுகௌராவுக்கு வந்து சேர்ந்தார். வேறு தாலுகாவைச் சேர்ந்தவர். வெயிலில் வந்த எரிச்சல் வேறு.

“வீட்டுக்காரர் பேரு?”

பதாசி அண்ணி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“சொல்லும்மா, நேரமாகுது.”

“போனவங்க மறுபடி வந்தா என்னன்னு சொல்லுவீங்க? அதான்.”

“திரும்பிட்டாரா?”

அண்ணிக்கு ஒரே மகிழ்ச்சி. கிட்டத்தட்டப் பெயர் வந்துவிட்டது. “ஆமா ஆமா. அதேதான்.”

“எங்க?”

இன்று எங்கே போயிருக்கிறார் என்று கேட்கிறார் போலும் என்று நினைத்து, அண்ணி வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் கையை நீட்டினார்.

“அப்ப நீங்க?”

“அவுங்க எங்கயோ அங்கதானே நானும்” என்றார் அண்ணி. ஒரு நல்ல மனைவி வேறு என்ன சொல்வாள்?

குடும்பம் சின்ன சுகௌராவுக்கே திரும்பிவிட்டது என்று முடிவுகட்டி, பெரிய சுகௌராவுக்குப் பூஜ்யத்தைப் போட்டுவிட்டு அவர் போய்விட்டார். சின்ன சுகௌராவில் எண்ணி முடித்தாகிவிட்டது என்பதால் இங்கேயும் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. நாட்டின் மொத்த ஜனத்தொகையில் இருவர் குறைவு.

இது வெளியே வந்தது மின்கம்பம் நட வந்தபோதுதான். கம்பங்கள் வரிசையாக என் மில் வரை வந்து வாய்க்கால் கரையில் நின்றுவிட்டன. லௌட்டன் ஓடிவந்து லைன்மேனை மறித்தார்.

“எங்க ஊருக்கு?”

“அந்தப் பக்கம் ஆளே இல்ல. பூஜ்யம்னு வந்திருக்கு.”

“அப்ப நான் யாரு?”

“நீங்க யாரா வேணாலும் இருங்க பெரியவரே. அங்க இல்ல.”

அன்று வீட்டில் நடந்த சண்டை வாய்க்காலைத் தாண்டி, ஓடிக்கொண்டிருந்த மில்லின் சத்தத்தையும் தாண்டி எனக்குக் கேட்டது.

“ஒரு பேரு. ஒரே ஒரு பேரு. அதைச் சொல்ல உனக்கு வாயில்ல?”

“சொல்லியிருந்தா உன் ஆயுசு போயிருக்கும்.”

“இப்ப ஊரோட ஆயுசே போச்சே.”

“ஊரு கிடக்குது ஊரு. பூஜ்யத்தோட நான் எப்படிய்யா குடும்பம் நடத்துறது? பூஜ்யத்துக்கு எத்தனை ரொட்டி சுடணும்னு நீயே சொல்லு.”

மறுநாள் அண்ணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்தோஷ் எங்கள் ஊரில் கட்டியிருந்த வீட்டுக்கு வந்துவிட்டார். அங்கே மின்விசிறி இருந்தது. லௌட்டன் வேம்பின் அடியில் கூட்டம் போட்டார். அடுத்த கணக்கெடுப்பு முடியும்வரை ஊர்மக்கள் யாரும் எல்லையைத் தாண்டக் கூடாது என்று முடிவாயிற்று. கணக்கெடுப்பு இதோ வருகிறது என்றார்கள். நோய் வந்த வருஷம் தள்ளிவைத்தார்கள். அப்புறம் மறுபடி தள்ளினார்கள். அவரும் அங்கேயே இருந்தார். பகலில்கூட வாசலில் கடுகெண்ணெய் விளக்கு எரியும். எந்த ஜீப் எப்போது வருமோ, யார் கண்டது?

நாங்கள் சிரித்தோம். சந்தோஷின் கல்யாணத்தின்போது சிரிப்பு நின்றுவிட்டது. மாப்பிள்ளை ஊர்வலம் எங்கள் ஊரிலிருந்து கிளம்பியது. அப்பா திலகம் வைக்க வேண்டுமே. சந்தோஷ் தலைப்பாகையும் சரிகையுமாக மதகடியில் மண்டியிட்டான். லௌட்டன் அந்தக் கரையிலிருந்து கையை நீட்டினார், கை எட்டவில்லை, மகன் இன்னும் குனிந்தான், தலைப்பாகை வாய்க்காலில் விழுந்து மிதந்து போயிற்று. பெண் வீட்டில் முதல் கேள்வியே அதுதான். “மாப்பிள்ளையோட அப்பா வரலையா? ஊர்லயே தங்கிட்டாரா?” மங்கருதான் சொன்னார்: “அவர் எப்படி வருவாரு? அவர்தாங்க ஊரு.”

அதற்கு மட்டும் பதாசி அண்ணி அவரை மன்னிக்கவில்லை. சாப்பாடு தவறாமல் வந்தது. தணலில் சுட்ட லிட்டி மாவுருண்டை, மசித்த கத்திரிக்காய், ஊறுகாய் எல்லாம் மதகின்மேல் தட்டில் வைத்து, தகரத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுவார். பேச்சு என்னைப் பார்த்தபடியே நடக்கும்.

“கொழுந்தனாரே, சிலர்கிட்ட சொல்லுங்க. வீட்ல பேரக் குழந்தை வரப்போவுது. ராத்திரி ஃபேனுக்கு அடியில வந்து படுக்கச் சொல்லுங்க. பகல்ல போயி ஊரா இருந்துக்கட்டும்.”

“தம்பி, சிலர்கிட்ட நீயும் சொல்லு. கணக்கெடுக்குற அன்னிக்கு ஒரே ஒரு நாள் வந்து உக்காரச் சொல்லு. நான் மட்டும் இருந்தா ‘ஒண்ணு’ன்னு போடுவான். மேல இருக்குறவன் அதைப் பாத்து, கை தவறி விழுந்த கோடுன்னு அழிச்சிருவான். ரெண்டு இருந்தாத்தான் ஊரு.”

“எல்லாரும் பாத்துக்கிட்டிருக்க அந்த வாய்க்காலத் தாண்டி நான் போகணுமா? அதுக்கு ஆள வேற பாக்கச் சொல்லுங்க கொழுந்தனாரே.”

நடுவில் நான் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டுவேன். இத்தனை பிடிவாதத்தை இரண்டு பேர் எப்படித்தான் ஒரே வீட்டில் வைத்திருந்தார்களோ என்று எனக்கு ஆத்திரமாக வரும். ஆனால் ஒன்று. தட்டில் ஊறுகாய் எப்போதும் அவருக்குப் பிடித்த பக்கத்தில்தான் இருக்கும்.

கோதுமை அறுவடை முடிந்து மில்லில் மூச்சுவிட நேரமில்லாத ஒரு காலையில் செய்தி வந்தது. கணக்கெடுப்பு தொடங்கிவிட்டது, பக்கத்து ஊர் டீச்சர் ஒருவர் ஸ்கூட்டியில் வந்துகொண்டிருக்கிறார், வாய்க்காலைத் தாண்டாமல் சுற்றிப் போகும் செங்கல் சூளைப் பாதை வழியாக நேரே பெரிய சுகௌராவுக்குத்தான் முதலில். லௌட்டன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, பசுவுக்குப் பொட்டு வைத்து, மதகடிக்கு வந்து நின்றார். யாரைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். தட்டும் வரவில்லை, தகரமும் தட்டப்படவில்லை.

அப்போதுதான் மருமகள் சுனைனா தலைவிரிகோலமாக என் மில்லுக்கு ஓடிவந்தாள். “அத்தையக் காணோம். விடியறப்பவே எழுந்து போயிருக்காங்க. குளத்துப் படியில அவங்க செருப்பு கிடக்கு.”

அவள் என்னிடம்தான் சொன்னாள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் லௌட்டன் வாய்க்காலுக்குள் இறங்கியிருந்தார். மதகுப் பக்கம்கூடப் போகவில்லை. வெள்ளை வேட்டியோடு இறங்கி, ஏறி, என்னைத் தள்ளிக்கொண்டு ஓடினார். இத்தனை வருஷம் அந்த வாய்க்காலை வைத்து நாங்கள் அடித்த கேலியில் ஒன்றுகூட எனக்கு அப்போது நினைவில்லை. மில்லை ஓடவிட்டுவிட்டு நானும் பின்னால் ஓடினேன்.

குளத்துப் படியில் செருப்பு கிடந்தது. லௌட்டன் மார்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையால் துழாவினார். கூப்பிடவும் செய்தார், “அடியே, அடியே” என்று. அவரும் அண்ணியின் பெயரைச் சொன்னதில்லை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. நான் செருப்பை எடுத்துப் பார்த்தேன். இடது வார் அறுந்திருந்தது. அறுந்த செருப்பைக் கழற்றி ஓரமாக, ஜோடியாக, ஒழுங்காக வைத்துவிட்டு யாரோ நடந்துபோயிருக்கிறார்கள். ஈரமண்ணில் வெறுங்கால் தடம் குளத்துக்குள் போகவில்லை. கரை வழியாகச் சூளைப் பாதைக்குப் போயிற்று.

“அண்ணே, மேல வாங்க. அண்ணி ஊரைச் சுத்திக்கிட்டு உங்க ஊருக்குப் போயிருக்காங்க.”

அவர் தண்ணீருக்குள்ளேயே நின்று அழுதார். நான் அதைப் பார்க்காதது போல இருந்திருக்கலாம். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், என் கண்ணும் நிறைந்துவிட்டது.

நாங்கள் திரும்பி வந்தபோது வாய்க்கால் கரையில் எங்கள் ஊர் பாதி கூடிவிட்டது. எதிரே லௌட்டனின் வாசலில் ஸ்கூட்டி நின்றது. டீச்சர் கையில் செல்போன். கட்டிலின் விளிம்பில், மூக்குவரை முக்காடு போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு பதாசி அண்ணி.

“வீட்ல எத்தனை பேரும்மா?”

“ரெண்டு பேரு” என்றார் அண்ணி.

என்னோடு வந்துகொண்டிருந்த லௌட்டன் கூட்டத்துக்குப் பின்னாலேயே நின்றுவிட்டார்.

“குடும்பத் தலைவர் பேரு?”

கரையில் எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள்.

“போனவங்க மறுபடி வந்தா...” என்று தொடங்கிய அண்ணி, சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

“எங்க போனாரு? நான் ஆள நேர்ல பாக்கணும்மா. இல்லன்னா பூட்டின வீடுன்னு போட்டுட்டுப் போயிருவேன். எனக்கு இன்னும் ஒரு ஊரே பாக்கியிருக்கு.”

நான் கையைத் தூக்கி, இதோ இருக்கிறார் என்று கத்த வாயைத் திறந்தேன். ஈரக் கை ஒன்று என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. “சும்மா இரு தம்பி” என்றார் லௌட்டன்.

அண்ணி எழுந்து வாய்க்கால் பக்கம் வந்தார். “சந்தோஷ் அப்பா...”

எங்கள் ஊரில் சந்தோஷ்களுக்குப் பஞ்சமில்லை. கூட்டத்தில் நாலைந்து பேர் “என்ன?” என்றார்கள். ஒருவர் தண்ணீரில் இறங்கவே தொடங்கிவிட்டார். சனம் கொல்லென்று சிரித்தது. டீச்சர் ஸ்கூட்டி சாவியைத் திருகினார்.

பதாசி அண்ணி முக்காட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தோளுக்குத் தள்ளினார். அந்த முகத்தை ஊர் ஆண்கள் அப்படி முழுசாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நரைத்த வகிட்டில் செந்தூரம் வியர்வையில் கரைந்து இறங்கியிருந்தது.

“லௌட்டன்” என்றார். பிறகு இன்னும் பலமாக, “ஏ லௌட்டன். எங்கய்யா போய்த் தொலைஞ்ச?”

எங்கள் ஊர்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கூட்டம் இரண்டாக விலகியது. லௌட்டன் என் மணிக்கட்டை விட்டுவிட்டு நடந்தார், வாய்க்காலில் இறங்கினார், நடுவில் முழங்கால் தண்ணீரில் நின்றார். டீச்சர் அவரைப் பார்த்துவிட்டார். அண்ணியும் பார்த்துவிட்டார். கை நீட்டினால் கரை.

அவர் ஏறவில்லை. கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்து, தலையைச் சாய்த்து, சரியாகக் கேட்கவில்லை என்பது போல மனைவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.